பதினெட்டு வயதுக்குப் பிறகு யார் பார்ப்பது?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பங்கு இளையோர் வீடு வீடாகக் கேரல் பாடச் செல்வர். ஒரு வேன், சில கார்கள், பின்னால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு, கேக், மீகூன், குளிர்பானம். கடைசி வீட்டை விட்டு வெளியேறும்போது நள்ளிரவு கடந்திருக்கும். "சரி, போய் வருகிறோம்" என்று ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடுவர். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன் அவ்வாறு வீடு திரும்பும் வழியில் தூக்கக் கலக்கத்தால் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தான். முந்திய இரவு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவன் வீடு சேரவில்லை என்பது விடியும் வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பின்னர் கூடிய கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "அவனுக்கு இருபது வயது. நாம் என்ன செய்ய முடியும்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. எஸ்.பி.எம். எழுதும் பிள்ளையை முகாமுக்கு அழைத்துச் செல்லப் பெற்றோரின் கையொப்பம் கேட்கிறோம். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017ஆம் ஆண்டில் வந்தது. அது பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. நல்லது. ஆனால், அடுத்த ஆண்டே அதே பிள்ளை நாற்காலி தூக்கவும் பந்தல் கட்டவும் பாத்திரம் கழுவவும் கிடைத்த இரு கைகளாகிவிடுகிறான். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகும்போது பேருந்தில் தலை எண்ணுகிறோம். கேரல் முடிந்ததும் எண்ணுவதில்லை.

இருபது வயதினரைக் குழந்தைகள்போல் நடத்தச் சொல்லவில்லை. அதை அவர்கள் பொறுக்கவும் மாட்டார்கள். 2018இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் இளையோரைப் பற்றியே பேசியது. அதன்பின் 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் ஊக்கவுரையில் இளையோருடன் உடன்நடக்கும் பெரியவர்களின் தேவையைச் சொல்லியிருக்கிறார். உடன்நடப்பது என்றால் மறையுரை ஆற்றுவதன்று என்பதே என் எண்ணம்.

எனக்குத் தெரிந்த தம்பதியர் ஒருவர் இப்பணியைச் செய்துவருகின்றனர். அந்த அக்காளிடம் ஒரு சிறு குறிப்பேடு உண்டு. யார் யாருடன் வந்தார், யார் யாருடன் திரும்புகிறார் என்று எழுதிக்கொள்வார். எல்லோரும் போன பிறகு "வீடு சேர்ந்தாயா?" என்று கைப்பேசியில் கேட்பார். கடைசிப் பதில் வரும் வரை இருவரும் உறங்குவதில்லை. இளம்பெண் எவரையும் அண்ணன் தம் காரில் தனியாக ஏற்றிச் செல்லமாட்டார். மனைவியும் உடன் வருவார். அவர்மீது யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் தவறான ஒருவன் நுழையும்போது அவனைத் தடுக்க முடியும் என்பார்.

ஜொகூருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று திரும்பும் பிள்ளைகளும் எங்களிடம் உண்டு. மூன்று மாதமாகக் கோயிலுக்கு வராத ஒருவனைப் பற்றி நாங்கள் மறந்தே போயிருந்தோம். அந்த அக்காள்தான் அழைத்தார். வேலை போய், வாடகை கட்ட வழியின்றி, வீட்டுக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

இத்தகையோரை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கித்தார் வாசிப்பவர், நன்றாகப் பேசுபவர், பெரிய வண்டி வைத்திருப்பவர். தேர்ந்தெடுத்த பின் பெட்ரோலுக்கும் தருவதில்லை. ஆனால், ஆண்டுதோறும் புதிய டி-சட்டை அச்சடிக்கப் பணம் இருக்கிறது! (போன ஆண்டுச் சட்டைக்கு என்ன ஆயிற்றோ?) பத்துப் பேருக்கு இருவர், அவர்களுள் ஒருவர் பெண், எண்ணெய்ச் செலவு பங்கின் கணக்கில், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வு. இவ்வளவுதான் நான் கேட்பது.

அந்தத் தம்பதியர் இவ்வாண்டு விடுப்புக் கேட்டிருக்கின்றனர். பங்குப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் அது 'இதர விவகாரங்கள்' என்பதன்கீழ்க் கடைசியாக இருந்தது. நேரமாகிவிட்டதென்று பாதிப் பேர் எழுந்துவிட்டனர். நான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இன்னொருவர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நலம்.