கிட்டங்கிச் சாவி யார் கையில்?

அண்ணன் மொத்த மண்டி நடத்துகிறார். தம்பி சில்லறைக் கடைகள் நடத்துகிறார். இருவரும் தத்தம் அலுவலகத்தில் சர்வர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி டொமைன். டொமைன் என்பது ஒரு பேரேடு போல. அதில் பெயர் பதிந்தவருக்கே கதவு திறக்கும். எனவே தம்பி கடைக் கணக்கர் மண்டியின் இருப்புக் கோப்பைத் திறக்கப் போனால் அனுமதி மறுக்கப்படுகிறது.

இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லையே போனில் சொல்லிவிடுகிறார்கள். அல்லது கோப்புறையை 'எவ்ரிஒன்' என்று எல்லாருக்கும் திறந்து வைக்கிறார்கள். கொள்முதல் விலையும் தள்ளுபடிக் கணக்கும் அதே கோப்புறையில்தானே கிடக்கின்றன! கல்லாச் சாவியை இப்படிக் கொடுப்போமா?

இரு டொமைன்களுக்கிடையே 'டிரஸ்ட்' என்ற நம்பிக்கை உறவை ஏற்படுத்தலாம். கோப்பைத் திறந்துவிடும் டொமைன்தான் நம்பும் தரப்பு. சரக்கைக் கடனுக்குக் கொடுப்பவர்தானே வாங்குபவரை நம்ப வேண்டும்! ஆகவே மண்டி, கடையை நம்பும் ஒருவழி உறவே போதும். விண்டோஸ் என்டி நாட்களில் இந்த நம்பிக்கை மூன்றாமவருக்குத் தாவாது. 2000இல் வந்த ஆக்டிவ் டைரக்டரியிலோ, ஒரே 'ஃபாரஸ்ட்'டில் சேர்ந்த டொமைன்களிடையே இருவழி நம்பிக்கை தானாகவே ஏற்படுகிறது, தாவவும் செய்கிறது. கணக்கு வழக்குத் தனியாக உள்ளவர்கள் 'எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்' என்று ஒரே ஃபாரஸ்ட்டில் சேர்வதை நாம் ஆதரிக்கவில்லை. பாகம் பிரிந்த வீட்டில் பத்தாயத்தை மட்டும் பொதுவில் வைப்பது போலாகும் அது.

உறவு ஏற்பட்டாலும் ஒவ்வொரு கோப்புறைக்கும் அனுமதி தனியே தர வேண்டும். பழைய 'எவ்ரிஒன்' அப்படியே கிடந்தால் அடுத்த தரப்பு ஊழியர் அத்தனை பேரும் உள்ளே வந்துவிடலாம். சர்வர்களின் கடிகாரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கெர்பரோஸ் சோதனை ஆளை உள்ளே விடாது.

ஒன்றிரண்டு பேர் இருப்புப் பார்ப்பதற்கு இத்தனை ஏற்பாடும் வேண்டாம் என்பதே நம் கருத்து. மண்டி டொமைனிலேயே அவர்கள் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். டொமைன் பெயர், சாய்கோடு, பயனர் பெயர் என்று எழுதி அவர்கள் நுழையலாம். 2017 மே மாதம் பரவிய வானாகிரை நச்சுநிரல், கோப்புப் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவியது. அந்தப் பழைய முறை இன்னும் இயங்கினால் கணிப்பொறிக்காரரிடம் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். வேலையை விட்டுப் போன கணக்கர்களின் பெயர்களையும் அன்றே அவர் நீக்கட்டும். கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடலாம்.