கோட்டைச் சுவருக்கும் வைத்தியம் வேண்டும்

நம் செஞ்சிக் கோட்டையை வென்றவர் பலர். 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இன்று அதை முற்றுகையிட்டிருப்பவை மழைநீரும் அரசமரத்து வேருமே.

மலைப்பாறை எளிதில் தேயாது. ஆனால் இராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகால், களஞ்சியம் போன்ற கட்டடங்களில் கல்லையும் செங்கல்லையும் பிணைத்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து. பறவை எச்சத்தோடு விழும் விதை வெடிப்பில் முளைக்கிறது. வேர் பருக்கப் பருக்கச் சுவர் பிளக்கிறது. பிளவில் இறங்கும் நீர் காயும்போது, அதில் கரைந்த உப்பு படிகமாகிப் பூச்சை உதிர்க்கிறது.

“சிமெண்டு பூசினால் சரியாய்ப் போயிற்று!” என்பார் சிலர். அது தவறு என்பதே என் கருத்து. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரம் செங்கல்லையே அரிக்கும். நோயின் காரணம் அறியாமல் மருந்து தருவது வைத்தியமாகுமா? நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு, அதைத் தடுத்து, பிறகு பழைய சாந்துக்கு ஒத்த சாந்தால் பூசுவதே முறை.

2025இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் செஞ்சியும் ஒன்று. பழுது பார்ப்பது தொல்லியல் துறையின் கடமை. நம் கடமை என்ன? சுவரில் பெயரைக் கீறாதிருப்போம். கீறிய இடத்திலும் நீர் தங்கும். முளைவிட்ட அரசங்கன்றைக் கண்டால் உடனே காவலரிடம் சொல்வோம். கன்றைக் களைவது எளிது. சரிந்த சுவரை நிமிர்த்துவது அரிது, தோழியரே!