டோபி காட்டில் நின்று உலக வரலாற்றைப் பார்ப்போம்



உலக வரலாற்றின் திருப்புமுனைகள் எவை என்று உங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 1453ல் துருக்கியரிடம் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது, 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தான், 1789ல் பிரெஞ்சுப் புரட்சி, 1833ல் பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டம், பிறகு இரண்டு உலகப் போர்கள். கெட்டிக்காரப் பிள்ளை கடகடவென்று ஒப்பித்துவிடும். உடனே இன்னொன்றையும் கேளுங்கள்: "இதிலெல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் எங்கே இருந்தாங்க?" பிள்ளை முழிக்கும். நம்மில் பலரும் முழிப்போம்.

"நீங்கள் பிழைக்க வந்தவர்கள்தானே" என்று வேலையிடத்திலோ பள்ளியிலோ யாராவது பேச்சுவாக்கில் சொல்லும்போது பதில் தெரியாமல் நம் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை எழுப்புகிறேன். சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் தினமும் காண்பது இது: நியாயம் நம் பக்கம் இருந்தாலும், காட்டுவதற்கு ஆவணமோ சொல்வதற்குச் சாட்சியோ இல்லையென்றால் வழக்கு எடுபடுவதில்லை. வரலாற்றிலும் நம் மக்களுக்கு இதுதான் நடந்தது.

சான்று தேடி லண்டனுக்குப் போக வேண்டாம். தேக்காவில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் அடுத்த நிலையம் டோபி காட். மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இடம். தினமும் அங்கே இறங்கி ரயில் மாறி ஓடுகிறோம். பெயரை நின்று யோசித்தவர் எத்தனை பேர்? டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் ஊரார் அழுக்குத் துணியைத் துவைத்து, இன்று வொய்.எம்.சி.ஏ. இருக்கும் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் இன்றைய ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். துவைத்தவர்களின் பெயர்கள் போய்விட்டன, தொழிலின் பெயர் மட்டும் நிலையத்துப் பலகையில் நிற்கிறது.

அந்த நிலையத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். 1824 மார்ச் மாதம் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்து மலாய்க் கடலைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். சுமத்ராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கே அடைபட்டிருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது? 1825ல் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். முதலில் வந்த கூட்டம் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பிறகு வங்காளிகள் வந்தார்கள், பம்பாய்க்காரர்களும் வந்தார்கள், எல்லோரும் தமிழர் அல்லர். அவர்களுக்கான சிறை, டோபி காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிராஸ் பாசாவில் இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் உழைப்பு. 1867 முதல் 1869 வரை கவர்னர் மாளிகையைக் கட்டியதும் அவர்கள் உழைப்பே. அந்த மாளிகைதான் இன்றைய இஸ்தானா! பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோமே, அதே இஸ்தானா. சுவரைத் தொட்டுக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்கள்.

அடிமை ஒழிப்பையும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் நம்மைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த வழி அதுதான். 1833 சட்டத்தில் இழப்பீடு உண்டு, 2 கோடி பவுண்டு. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றவனுக்கு ஒரு காசு கிடையாது. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தைப் பிரிட்டிஷ் அரசு 2015ல்தான் அடைத்து முடித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! 1834லிருந்தே மொரிசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேறினார்கள். பிறகு பினாங்குப் பக்கத்துக் கரும்பு, காப்பி, கடைசியில் பால்மரம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் போயிற்று, கங்காணி முறை 1938 வரை இருந்தது. இதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான், நீட்டவில்லை.

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது 1943ஐப் பற்றி.

டோபி காட் நிலையத்திலிருந்து வெளியே வந்து ஹேண்டி ரோடு பக்கம் திரும்பினால் கேத்தே கட்டடம். 1939ல் சினிமாக் கொட்டகையாகத் திறந்தது. அதன் முகப்பை 2003ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1943 ஜூலை 4ஆம் தேதி அங்கேதான் ராஷ் பிஹாரி போஸ் இந்தியச் சுதந்திர இயக்கத்தின் தலைமையை நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21ஆம் தேதி அதே இடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். மறுநாளே வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்த பெண்களில் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். பள்ளிக்கூடமே பார்க்காத பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, யாருக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். கேத்தேயில் கரவொலி எழுந்ததற்கு நான்கே நாள் முன்பு, அக்டோபர் 17ஆம் தேதி, சயாம் காட்டில் ஜப்பானியரின் ரயில் தண்டவாளம் இரு முனையும் வந்து சேர்ந்தது. நம்மவர் இன்றும் மரண ரயில் என்று சொல்லும் அதே பாதை, 415 கிலோமீட்டர். அதைப் போட்டவர்களில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 2 லட்சம். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அவர்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். நல்ல கூலி, அரிசி, சில மாதத்தில் வீடு திரும்பலாம் என்றார்கள். ஆள் வராதபோது லாரியில் பிடித்துப் போட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டிக் கதவை அடைத்து ரயிலேற்றிய கதைகளும் பதிவாகியுள்ளன.

எத்தனை ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள்? 90,000 என்று பரவலாகச் சொல்கிறார்கள். சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் சொல்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்? வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தங்கள் அதிகாரிகள் உடன் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், யார் எந்த நாளில் இறந்தார் என்று ஒளித்து வைத்து எழுதினார்கள். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் கொண்ட போர் மயானம் இருப்பது அந்தக் குறிப்புகளால்தான். லயத்திலிருந்து போனவனுக்கு எழுத யார் இருந்தார்கள்? காலராவில் விழுந்தவனைக் குழியில் தள்ளி மூடியதோடு சரி. 1957ல் அந்தப் பாலத்தை வைத்து உலகப் புகழ் பெற்ற ஆங்கிலப் படம் வந்தது. படப்பிடிப்பு இலங்கையில், கதை வெள்ளைக்காரக் கைதிகளுடையது!

விடுதலைப் படையின் வீரத்தைக் கொண்டாடும் மேடைகளில் இந்த ரயிலைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கசக்கிறது. நேதாஜியின் நேச நாடுதானே ஜப்பான் என்ற சங்கடம். இருக்கட்டும். ஒரே தோட்டத்திலிருந்து அக்காள் படைக்கும் தம்பி ரயிலுக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நம் வரலாறு.

போருக்குப் பின் சட்டம் என்ன செய்தது? 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம். அதன் 16ஆம் விதிப்படி, நடுநிலை நாடுகளிலும் போரில் ஜப்பான் பக்கம் நின்ற நாடுகளிலும் இருந்த ஜப்பானியச் சொத்து செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய், முன்னாள் போர்க்கைதிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் பகிரப்பட வேண்டும். போர்க்கைதி என்றால் நேசநாட்டுப் படையில் இருந்தவன். பால்மரம் சீவியவன் அந்தச் சொல்லுக்குள் அடங்க மாட்டான். 14ஆம் விதியிலோ நேசநாடுகள் தங்கள் குடிமக்களுக்காகவும் சேர்த்து உரிமைக் கோரிக்கைகளைக் கைவிட்டன. சரி, இந்தியா இருக்கிறதே என்பீர்கள். இந்தியா சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்திடவில்லை, 1952 ஜூன் 9ஆம் தேதி தனி ஒப்பந்தம் செய்து, இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நாடுகளுக்கிடையே நல்லுறவு வேண்டும்தான், மறுக்கவில்லை. விட்டுக்கொடுக்கப்பட்டது யாருடைய காசு என்றுதான் கேட்கிறேன். புருஷனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

பிராஸ் பாசா சாலையிலேயே கீழே நடந்தால் பீச் ரோட்டில் நான்கு உயரமான வெள்ளைத் தூண்கள் தெரியும். ஜப்பானியர் காலத்தில் மாண்ட பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறந்த நினைவுச்சின்னம். நான்கு தூண்கள் நான்கு இனங்களுக்கு, அதில் ஒன்று இந்தியருக்கு. அது நல்ல காரியம். ஆனால் அடியில் வைத்திருப்பது இங்கே தோண்டியெடுத்த எலும்புகள். சயாமில் போனவர்கள் சயாமிலேயே இருக்கிறார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. அந்தக் காலத்தில் சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கே இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. உங்கள் வீட்டிலோ ஜொகூரிலிருக்கும் உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ரயிலுக்குப் போனவர் பெயர், அவருடைய அப்பா பெயர், எந்தத் தோட்டம், கங்காணி அல்லது கிராணி யார், எந்த மாதம் கூட்டிப் போனார்கள், கூடப் போனவர்கள் யார் யார், திரும்பி வந்தது யார். ஊகத்தைச் சேர்க்காதீர்கள், தெரியாததைத் தெரியாது என்றே விடுங்கள். பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் ஏதாவது தகரப்பெட்டியில் கிடந்தால் தூக்கி எறியாமல் படம் பிடித்து வையுங்கள். டோபி காட்டிலிருந்து ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்துக்கு நடந்தால் கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகம். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் அதைச் சேர்ந்தது, தமிழ்ப் பேட்டிகளும் அங்கே சேகரிப்பில் உண்டு. பதிவை ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றோடு போய் அவர்களிடம் பேசுங்கள். பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.