திங்கட்கிழமை திருச்சானூருக்கு வாருங்கள்

தோழர்களே! திருப்பதி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும், காளஹஸ்தி, காணிப்பாக்கம் விடுதிகளிலும், சித்தூர் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் உழைக்கும் அக்கா தங்கைகளே, அவர்களோடு ஒரே ஷிப்டில் நிற்கும் அண்ணன் தம்பிகளே!

அறை கூட்டப் போகும் பெண் தனியாகத்தான் போகிறாள். மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றும்போது பின்னால் கதவு சாத்தப்பட்டால் யாரைக் கூப்பிடுவாள்? மேனேஜரிடம் சொன்னால், "சாமி கும்பிட வந்தவங்க, பெரிசு பண்ணாதே" என்று வாயை அடைக்கிறார்கள். மீறிப் பேசினால் மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. இனியும் இதைப் பொறுப்பதற்கில்லை.

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைமையில் ஒரு பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கான்ட்ராக்டில் வந்தவர், தினக்கூலி, எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். இதையும் மனதில் வையுங்கள்: வேலையிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் உங்களைக் காப்பது முதலாளியின் கடமை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அறையெடுத்துத் தங்கும் விருந்தினரும் அதில் அடக்கம்.

ஆனால் புகாருக்கு மூன்று மாதக் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம் கிடைக்கலாம், அவ்வளவுதான். கோடை விடுமுறைக் கூட்டத்தில் நடந்த கொடுமையை விழுங்கிக்கொண்டிருந்தால், பிரம்மோற்சவம் வருவதற்குள் கெடு கடந்துவிடும். அதனால்தான் அவசரம் என்கிறோம்.

பத்துப் பேருக்கும் குறைவான சின்ன லாட்ஜா? அங்கே உள்ளவர்களுக்கு மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்; அதற்கும் தனிக் குழு இருக்க வேண்டும். எல்லா மாவட்டங்களிலும் இந்தக் குழுக்கள் இயங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கெடு விதித்து உத்தரவிட்டது. திருப்பதி, சித்தூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்த அறையில் உட்காருகிறார்கள், எந்த எண்ணில் கூப்பிடுவது? ஒவ்வொரு லாட்ஜின் சுவரிலும் தெலுங்கிலும் தமிழிலும் இதை எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்போம்.

"இவ்வளவு தொல்லை என்றால் ஆண்களையே வைத்துக்கொள்கிறோம்" என்று மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற பழைய பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவை 2007இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்ணின் பிழைப்பைப் பறிக்க முடியாது. பாதுகாப்பை ஏற்படுத்தித் தருவதுதான் வழி. ஏன், நம் திருமலையிலேயே பாருங்கள்! ஆண்கள் மட்டுமே கத்தி பிடித்த கல்யாணக்கட்டையில் இன்று பெண்கள் பெண்களுக்கு முடியிறக்குகிறார்கள்.

சமையல் மாஸ்டர் என்றால் ஆண், பாத்திரம் தேய்ப்பதென்றால் பெண் என்ற ஏற்பாட்டுக்கும் முடிவு கட்டியாக வேண்டும். சமவேலைக்குச் சமகூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. உட்கார நாற்காலியும் கேட்போம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. நகரிக்கு அருகே எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்த உரிமை இந்தப் பக்கமும் வரட்டும்.

ஆண் தோழர்களே, ரூம் பாய் தம்பிகளே! நீங்கள் பார்த்ததைச் சாட்சியாகச் சொன்னால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. வாய் திறங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகங்களில் மனு வாங்கும் நாள். திருப்பதிக்காரர்கள் திருச்சானூர் பத்மாவதி நிலையத்துக்கு வாருங்கள். பக்தர்கள் தங்குவதற்காகக் கட்டிய அந்தக் கட்டடத்தில்தான் கலெக்டர் அலுவலகம் தொடங்கியது. சித்தூர்க்காரர்கள் சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் கூடுங்கள். நைட் டூட்டி முடிந்தவர்கள் அப்படியே யூனிஃபார்மோடு வரலாம். மனு தெலுங்கில் இருக்கும். தமிழில் சொன்னாலும் எழுதித்தர ஆள் இருப்பார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். தனியாக யாரும் வர வேண்டாம், பக்கத்து லாட்ஜ் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!