உருவப்பட்ட வேட்டி

தொலைக்காட்சியில் ‘பரியேறும் பெருமாள்’ படம் மறுபடி ஓடியது. கருப்பி என்ற நாயையும் கடைசிக் காட்சியின் இரண்டு தேநீர்க் குவளைகளையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது நாயகன் பரியனின் அப்பாதான். படத்தின் பிற்பகுதி வரை அவரை நம் கண்ணில் காட்டாமலே வைத்திருக்கிறார் இயக்குநர் மாரி செல்வராஜ். கல்லூரிக்குப் பொய்யான ஒரு அப்பாவைக் கூட்டிப்போகும் காட்சியில் நாமும் சிரித்துவிடுகிறோம். பிறகுதான் பெண் வேடமிட்டு ஆடும் அந்த மெலிந்த மனிதர் வருகிறார். வேட்டி உருவப்பட்டு, பட்டப்பகலில் சாலையில் அழுதபடி ஓடுகிறார். மகன் ஏன் மறைத்தான் என்பது அப்போது நெஞ்சில் இறங்குகிறது. அந்த வேடத்தில் நடித்த தங்கராசு உண்மையிலேயே நாட்டுப்புறக் கலைஞர். அந்த ஓட்டத்தில் நடிப்பின் சாயலே இல்லை. துணியைப் பறித்து மனிதரைச் சிறுமைப்படுத்துவது நம் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதா என்ன? ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்ட மண் இது. 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்லும் நம் வீடுகளிலேயே, பிள்ளையின் கல்யாணப் பேச்சு வந்ததும் முதலில் விசாரிப்பது என்ன சாதி என்றுதானே? தோள்சீலைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இந்தப் படத்தையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்; அந்த அப்பா ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள்.