படம் வரைஞ்சு விக்கிறவங்களே, சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பேசிடுங்க

இன்ஸ்டாவுல "ஆர்டர் எடுக்கப்படும்"னு போட்டுட்டு உக்காந்திருக்கற தம்பி தங்கைகளுக்கு யூட்யூப் பூரா அட்வைஸ்தான். நல்ல வெளிச்சத்துல போட்டோ எடு, தினம் ஒரு ரீல் போடு, ஹேஷ்டேக் மறக்காதே. எல்லாம் சரிதான். ஆனா அதுல முக்கால்வாசி அமெரிக்காக்காரன் சொன்னதை அப்படியே ஒப்பிக்கறது. அப்படி ஒப்பிக்கறதுல ஒரு விஷயம் நம்ம நாட்டுச் சட்டத்துக்கு நேர் தலைகீழ். அதனால நம்ம பசங்க அடி வாங்கறாங்க. கொஞ்சம் பேசிடுவோம்.

எங்க விருத்தாசலத்துல செராமிக் தொழிற்பேட்டை உண்டு, செராமிக் படிக்கவே அரசாங்கம் நடத்தற பயிலகமும் உண்டு. ஃப்யூஸ் கட்டையில இருந்து பொம்மை, அகல் விளக்கு வரைக்கும் இங்க செய்யறாங்க. ஒரு கோப்பை பச்சை மண்ணா இருக்கற வரைக்கும் எது வேணா மாத்தலாம். காது பிடிக்கலையா, வெட்டிட்டு வேற ஒட்டு. மொத்தமா பிடிக்கலையா, தண்ணியில கரைச்சு திரும்ப மண்ணாக்கிடு. சூளைக்குள்ள போய் வெந்து வந்துச்சுன்னா முடிஞ்சது கதை. உடைச்சுத்தான் போடணும். ஆர்டருக்குப் படம் வரையறதும் இதே கதைதான். விலை, உரிமை, தேதி, திருத்தம் எல்லாம் பச்சை மண்ணுலயே பேசி முடிக்கணும். நம்ம ஆளுங்க வெந்த பிறகுதான் பேசவே ஆரம்பிக்கறாங்க.

எங்க தெருவுல ஒரு தம்பி வாட்டர்கலர்ல பின்னுவான். ஒரு கிஃப்ட் கடைக்காரர் பழமலைநாதர் கோயில் கோபுரத்தை வரைஞ்சு கேட்டார். அறுநூறு ரூபாய்க்கு வரைஞ்சு குடுத்தான். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா அந்தக் கோபுரம் காபி மக்குல இருக்கு, சாவிக்கொத்துல இருக்கு, காலண்டர்லயும் இருக்கு. கீழே போட்ட கையெழுத்தை மட்டும் வெட்டிட்டாங்க. தம்பி போய்க் கேட்டதுக்கு, "அதான் காசு குடுத்துட்டோம்ல"ன்னு பதில்.

"வரைஞ்சவனுக்குத்தானேண்ணே காப்பிரைட்? யூட்யூப்ல சொன்னாங்களே"ன்னு எங்கிட்ட வந்தான். அமெரிக்காவுல பெரும்பாலும் அப்படித்தான். இங்க 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவை எடுத்துப் பாருங்க. பொதுவா படைச்சவர்தான் முதல் உரிமையாளர்னு ஆரம்பிக்கும். உடனே கீழேயே ஒரு விலக்கு. ஒருத்தர் கேட்டுக்கிட்டதுக்காகக் காசு வாங்கிட்டு வரைஞ்ச ஓவியம், உருவப்படம், எடுத்த போட்டோ இதுக்கெல்லாம், வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, காசு குடுத்து வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதாவது நீங்க வாயே திறக்கலைன்னா உரிமை தானா அந்தப் பக்கம் போயிடும். மக்கு விஷயத்துல சட்டம் கடைக்காரர் பக்கம்தான் சாயும், என்ன பண்றது!

ஆனா "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா"ங்கற வார்த்தையை நல்லா கவனிங்க. நம்ம பிழைப்பே அதுலதான் இருக்கு. முத்திரைத்தாள், வக்கீல்னு பயப்பட வேண்டாம். "படம் உங்க வீட்டுல மாட்டிக்க மட்டும். அச்சடிச்சு விக்கறதா இருந்தா தனியா பேசணும். காப்புரிமை என்கிட்டயே இருக்கும்"னு வாட்ஸப்ல எழுதி, அவர்கிட்ட இருந்து "சரி"ன்னு ஒரு பதில் வாங்கி வெச்சுக்கறது ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல். பெரிய ஆர்டர்னா கையெழுத்தோட பேப்பர்லயே வாங்கிடுங்க.

கையெழுத்தை வெட்டினது வேற விஷயம். அதே சட்டத்துல 57-வது பிரிவு இருக்கு. காப்புரிமை கைமாறிப் போனாலும், "இது நான் வரைஞ்சது"ன்னு சொல்லிக்கற உரிமை வரைஞ்சவனை விட்டுப் போகாது. அவன் பேரு கெடற மாதிரி படைப்பைச் சிதைச்சாலும் கேள்வி கேக்கலாம். டெல்லி விஞ்ஞான் பவன்ல அமர்நாத் சேகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல அவர்கிட்ட சொல்லாமலேயே கழட்டிட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-ல டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தோட மிச்சத்தை அவர்கிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லி, அஞ்சு லட்சம் நஷ்டஈடும் போட்டுச்சு. எதிர்ல நின்னது மத்திய அரசாங்கம்! அதனால ஓரத்துல வெட்டற மாதிரி கையெழுத்துப் போடாதீங்க, படத்துக்குள்ள போடுங்க. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசி காலண்டர் வழியா வீடு வீடா போச்சு. யார் வரைஞ்சதுன்னு இன்னைக்கும் கண்டுபிடிக்க முடியுதுன்னா, படத்துல இருக்கற அந்தக் கையெழுத்துதான் காரணம்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு தாத்தா பாட்டி ஜோடிப்படம், ஏ3 சைஸ், சார்க்கோல்ல பதினாலு மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குங்க. எண்ணூறு ரூபாய் சொல்றீங்க. பேப்பர், அட்டை, ஸ்பீட் போஸ்ட் எல்லாம் இருநூறு போச்சுன்னா மிச்சம் அறுநூறு. மணிக்கு நாப்பத்தி மூணு ரூபாய்! இந்தக் கூலிக்கு உங்க தெருவுல எந்தக் கொத்தனாராவது கரண்டியைத் தொடுவாரா? எங்க ஊர்க் கோயில் வன்னி மரத்துக்கு ஒரு கதை சொல்லுவாங்க. கோயில் கட்டினப்போ விபசித்து முனிவர் வேலையாளுங்களுக்கு வன்னி இலையைத்தான் கூலியா குடுத்தாராம். அவங்கவங்க உழைப்புக்கு ஏத்த அளவுக்கு அது பொன்னா மாறுமாம். முனிவர் காலத்துலயே மணிக்கணக்கு போட்டிருக்காங்க, நாமதான் "தெரிஞ்சவங்க, பார்த்துப் போட்டுக் குடுங்க"ன்னு இளிக்கறோம் :-) விலையைக் குறைச்சு பேர் வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்ங்கற திட்டமும் வேலைக்கு ஆகாது. எண்ணூறுக்கு வந்த கஸ்டமர் இன்னொரு எண்ணூறு கஸ்டமரைத்தான் கூட்டிட்டு வருவார்.

பாதிப் பணம் முன்கூட்டியே. மீதிப் பணம் வந்ததும் ஒரிஜினல். கேக்கக் கூச்சமா இருந்தா சுந்தரரை நினைச்சுக்குங்க. எங்க ஊர்ல சிவன்கிட்ட பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்தவர். உலகத்தோட முதல் ஆன்லைன் டிரான்ஸ்ஃபர் அதுதான் :-) அனுப்பறது சாட்சாத் சிவபெருமானே ஆனாலும், அதுல கொஞ்சம் பொன்னை மச்சம் வெட்டிக் கையில வெச்சுக்கிட்டுத்தான் மனுஷன் கிளம்பினார். அங்க வந்த பொன்னை ஒப்பிட்டுப் பார்த்தா மாத்துக் குறைஞ்சிருந்துச்சு, விடாம கேட்டு வாங்கினார்னு கதை. கடவுள்கிட்டயே சாம்பிள் வெச்சுக்கிட்ட மரபு நம்மளோடது. சென்னைக் கஸ்டமர்கிட்ட அட்வான்ஸ் கேக்க என்ன வெக்கம்?

சுந்தரர் காலத்துல இல்லாத ஒரு திருட்டு இப்ப இருக்கு. "ராணுவத்துல இருக்கேன், பத்துப் படம் வேணும், மொத்தப் பணமும் அனுப்பிட்டேன், வாங்கிக்க யூபிஐ பின் நம்பரைப் போடுங்க"ன்னு ஒருத்தன் வருவான். பணம் வாங்கறதுக்கு பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம். ஏமாந்துட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. வெளிநாட்டு ஆர்டருக்கு பேபால் பரவாயில்லை. உள்ளூர்ப் பணத்துக்கு அது உதவாது, 2021 ஏப்ரல்லயே இந்தியாவுக்குள்ள நிறுத்திட்டான்.

பொட்டி தட்டற எங்க வேலையில சின்னதா ஒரு மாத்தம் கேட்டாலும் "சேஞ்ச் ரெக்வெஸ்ட்"னு ஒரு ஃபாரத்தை நீட்டுவோம். உங்களுக்கும் அது வேணும். நம்ம ஊர் ஆர்டர்ல பாதி, காலமானவங்களோட படத்திறப்புக்கு. பதினாறாம் நாளுக்குள்ள வேணும்பாங்க. குடுக்கறது ரேஷன் கார்டுல இருந்து எடுத்த ஸ்டாம்ப் சைஸ் போட்டோ, அதுவும் வாட்ஸப்ல நசுங்கி வந்திருக்கும். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு போட்டோ கேளுங்க. கோட்டு மட்டும் போட்ட ஸ்கெட்ச்சை அனுப்பி ஒப்புதல் வாங்குங்க. அந்த நேரத்துல மூத்த மகன் மீசை வேணும்பார், இளையவர் தாத்தா மீசையே வெச்சதில்லைம்பார். அவங்க சண்டையை ஸ்கெட்ச்லயே முடிச்சுக்கட்டும். ஷேடிங் போட்ட பிறகு வந்தா தனிக் காசு.

2025 மார்ச்ல ஜிப்லி படம் ஊரெல்லாம் பரவினப்போ, "ஏஐ ஓசியில போட்டுத் தருதே"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. ஓசியில வேணும்கறவர் அன்னைக்கும் நம்ம கஸ்டமர் இல்லை. மேல சொன்ன மீசைப் பஞ்சாயத்துக்கு நடுவுல உக்காந்து, ரெண்டு மகன்களும் "ஆமா, இதுதான் அப்பா"ன்னு சொல்ற வரைக்கும் அழிச்சு அழிச்சு வரையறதுக்குத்தான் காசு குடுக்கறாங்க.

தம்பிக்காக ஒரு மெசேஜ் எழுதிக் குடுத்தேன், நீங்களும் எடுத்துக்கலாம்: "சைஸ் ஏ3, சார்க்கோல். விலை இவ்வளவு, பாதி முன்பணம். ஸ்கெட்ச்ல ரெண்டு திருத்தம் இலவசம். ஒப்புதல் வந்ததுல இருந்து பத்து நாள். வீட்டுல மாட்ட மட்டும், காப்புரிமை என்னுடையது, என் கையெழுத்து படத்துல இருக்கும். சம்மதம்னா சரின்னு பதில் போடுங்க."

அனுப்ப ஆரம்பிச்சதும் முதல் ரெண்டு பேர் பதிலே போடலையாம். மூணாவது ஆள் முன்பணத்தை அனுப்பிட்டு, "திருத்தம் மூணா வெச்சுக்கலாமா? எங்க வீட்டுல அண்ணன் தம்பி நாலு பேர்"னு கேட்டிருக்கார்.