கடுகுக்கு மகசூல் குறைச்சலா, விலை குறைச்சலா?

"மரபணு மாற்றுக் கடுகு வடநாட்டு விஷயம். காஞ்சிபுரத்துக்காரர் நீங்க ஏன் கத்துறீங்க?" என்று சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள்.

ராஜஸ்தான் பக்கம் விளையிற கடுகுதாங்க உங்க அஞ்சறைப் பெட்டிக்கும் வருது. நம்ம பக்கம் அது தனிப்பயிர் இல்லை. கேழ்வரகுக் கொல்லையில நாலு சால் விட்டு, தாளிப்புக்கு எடுத்துக்கறதோட சரி. அங்கே அதுதான் எண்ணெய் வித்து. நமக்கு வேர்க்கடலை எப்படியோ, அவங்களுக்குக் கடுகு அப்படி.

டில்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎம்எச்-11 ரகத்துக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆதரிக்கிறவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, மகசூல் கூடினால் அது குறையும்.

இது அரைக் கணக்கு. 1986ல் எண்ணெய் வித்துக்களுக்குத் தனி இயக்கம் தொடங்கினார்கள். விதை, கொள்முதல், விலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்ம தேவையில் பெரும்பகுதியை நாமே விளைவித்தோம். எந்த மரபணுவையும் மாத்தலை. 1994ல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள், அப்புறம் வரியையும் குறைத்தார்கள். 2025 மே மாதக் கடைசியில்கூட சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரி 20 சதவீதத்திலிருந்து 10 ஆச்சு. வெளிநாட்டு எண்ணெய் மலிவா இறங்கினா இங்கே விளைஞ்சதுக்கு எவன் விலை கொடுப்பான்?

எங்க ஊர்த் தறிக்காரரைக் கேளுங்க. விசைத்தறிச் சேலை காஞ்சிபுரம் பேரில் விற்கும்போது, "நீ வேகமா நெய்"ன்னு சொன்னா அவர் பிழைப்பாரா?

இன்னொன்று. அந்தக் கடுகில் குளுஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கு. விதை உற்பத்திக்கு மட்டும்தான் அது என்கிறார்கள். வயலில் அடிக்காமல் யார் காவல் நிற்பது? களையெடுக்கும் பொம்பளைங்க கூலி என்ன ஆகும்? கலப்பின விதை வேறு. எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் அதே பயிர் வராது, வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கணும்.

இறக்குமதியைக் குறைக்கணும்னா வரியை ஏத்துங்க, எண்ணெய் வித்தை நியாய விலைக்குக் கொள்முதல் பண்ணுங்க, ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலெண்ணெய் கொடுங்க. அதுக்கப்புறமும் பத்தலைன்னா மகசூலைப் பத்திப் பேசலாம்.